மரத்தடியில் பள்ளிக்கூடம் வைத்த மகாகவி

பள்ளிக்கூடம் என்றால் அந்தச் சிறுவனுக்கு வேப்பங்காய்!

ஒன்றல்ல, இரண்டல்ல, நான்கு பள்ளிக்கூடங்களில் அவனைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் அவன் நிலைக்கவில்லை. இந்தப் பையன் எங்கே உருப்படப் போகிறான் என்று வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். கடைசியில் கைகழுவி விட்டார்கள்.

ஆனால், அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகம் போற்றும் மகாகவி ஆனான். நம்முடைய தேசிய கீதத்தை இயற்றியவனும் அவன்தான்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தைக் கண்டு ஓடிய அவனே, வளர்ந்து பெரியவன் ஆனதும் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கிடையாது. வானம்தான் கூரை. மரத்தடிதான் வகுப்பறை.

அந்தச் சிறுவனின் பெயர் ரவி. உலகம் அவரை ரவீந்திரநாத் தாகூர் என்று அறியும்.

சுண்ணாம்பு வட்டம்

1861-ம் ஆண்டு மே 7-ந் தேதி, கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற இடத்தில் ரவி பிறந்தான். பெரிய ஜமீன்தார் குடும்பம். அரண்மனை போன்ற வீடு. அண்ணன், அக்காள், அண்ணி என்று வீடு நிறைய ஆட்கள்.

ஆனால் சிறுவனுக்கு விளையாட்டுத் துணை இல்லை. தந்தை தேவேந்திரநாதர் பெரும்பாலும் யாத்திரையில் இருந்தார். தாய் நோயாளி. வேலைக்காரர்கள்தான் அவனை வளர்த்தார்கள்.

சியாம் என்று ஒரு வேலைக்காரன். பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இருப்பது அவனுக்குத் தொல்லையாக இருந்தது. அதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தான். ரவியை ஓர் அறையில் உட்கார வைப்பான். அவனைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போடுவான். இதைத் தாண்டினால் ஆபத்து என்று விரலை ஆட்டி எச்சரித்துவிட்டுப் போய்விடுவான்.

ரவிக்கு ராமாயணம் தெரியும். லட்சுமணன் போட்ட கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன கதி ஆயிற்று என்பதும் தெரியும். ஆகவே அவன் வட்டத்தை விட்டு அசையமாட்டான்.

நல்ல வேளையாகப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு குளம். குளக்கரையில் விழுதுவிட்ட ஆலமரம். தெற்கே தென்னை வரிசை. யார் குளிக்க வருகிறார்கள், யார் எப்படி முழுக்குப் போடுகிறார்கள், வாத்துகள் எங்கே மேய்கின்றன என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருப்பான்.

கைக்கு எட்டும் தூரத்தில் உலகம். ஆனால் கால் எட்டவில்லை!

அடி வாங்கிய கிராதி

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். அங்கே வட்டத்துக்குப் பதில் நான்கு சுவர்.

ஓர் ஆசிரியர் வாயைத் திறந்தாலே வசைமொழி. அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ரவியின் மனம் இடம் தரவில்லை. ஆண்டு முழுவதும் கடைசிப் பெஞ்சியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பரீட்சை வந்தது. வங்காளப் பாடத்தில் அவனுக்கே முதல் இடம்! ஆசிரியர் நம்பவில்லை. ஏதோ தில்லுமுல்லு என்று புகார் செய்தார். மேலதிகாரி முன்னிலையில் மறுபடியும் பரீட்சை நடந்தது. மறுபடியும் ரவிதான் முதல்.

வீட்டுக்கு வந்ததும் ரவி ஒரு விளையாட்டு விளையாடுவான். தாழ்வாரத்தில் இருந்த மரக் கிராதியின் கம்பிகள்தான் அவனுடைய மாணவர்கள். கையில் பிரம்புடன் நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்துவான். எந்தக் கம்பி நல்ல பிள்ளை, எந்தக் கம்பி மக்கு என்று அவனுக்குத் தெரியும். மக்குக் கம்பிகளுக்குச் செம்மையாக அடி விழும்.

பள்ளிக்கூடத்தில் அவன் கற்றுக்கொண்டது அதைத்தான். பாடம் மனதில் ஏறவில்லை, பிரம்பு ஏறிவிட்டது.

தாகூர் இதைக் கடைசிவரை மறக்கவில்லை. தம்முடைய வாழ்க்கை வரலாற்றில் இதை அவரே வெட்கத்தோடு எழுதியிருக்கிறார்.

கூழாங்கல் பரிசு

1873-ம் ஆண்டு. ரவிக்குப் பூணூல் கல்யாணம் முடிந்தது. தந்தை அவனைத் தம்முடன் யாத்திரைக்கு அழைத்துப் போனார். முதலில் போய்ச் சேர்ந்த இடம் போல்பூர். கல்கத்தாவிலிருந்து சுமார் 100 மைல்.

போல்பூர் அருகே தேவேந்திரநாதருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. 1863-ல் வாங்கிய நிலம். பொட்டல் காடு. அதில் ஏழிலைப்பாலை மரங்கள் நின்றன. அவற்றின் நிழலில் அமர்ந்து அவர் தியானம் செய்வார். அங்கே ஒரு வீடு கட்டி, அதற்குச் சாந்தி நிகேதனம் என்று பெயர் வைத்திருந்தார். அமைதியின் இருப்பிடம் என்று அதற்குப் பொருள்.

அங்கேதான் ரவியின் வட்டம் அழிந்தது!

எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம் என்று தந்தை அனுமதி கொடுத்துவிட்டார். மழை நீர் அரித்த செம்மண் பள்ளங்களில் சிறுவன் தனியே இறங்கித் திரிந்தான். பல நிறக் கூழாங்கற்களைச் சட்டை மடியில் அள்ளிக்கொண்டு வந்து தந்தையிடம் காட்டினான்.

குப்பையை எதற்குச் சுமந்து வந்தாய் என்று தேவேந்திரநாதர் கேட்கவில்லை. மிகவும் மெச்சினார். அங்கே இருந்த மண்மேட்டை அந்தக் கற்களால் அலங்கரிக்கச் சொன்னார். பள்ளத்தில் ஓர் ஊற்று இருப்பதை ரவி கண்டுபிடித்தபோது, குளிக்கவும் குடிக்கவும் அந்தத் தண்ணீரையே கொண்டுவரச் செய்தார்.

பிறகு இருவரும் இமயமலைக்குப் போனார்கள். டல்ஹவுசியில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ரவி மலைமலையாக ஏறி இறங்கினான். இரவில் தந்தை அவனை அருகில் உட்கார வைத்து, வானத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுத்தார்.

நான்கு பள்ளிக்கூடங்கள் தராததைச் சில மாதங்கள் தந்துவிட்டன.

ஐந்து பிள்ளைகள்

ஆண்டுகள் ஓடின. தாகூர் கவிஞர் ஆனார். கல்யாணம் ஆயிற்று. குழந்தைகள் பிறந்தன. குடும்ப ஜமீனைக் கவனிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பத்மா நதிக் கரையில் ஷிலைதா என்ற ஊர். அங்கே படகிலேயே பல நாள் தங்கி, கிராமம் கிராமமாகப் போனார்.

கிராமத்து மக்களின் வறுமையை அவர் நேரில் கண்டது அப்போதுதான். பிள்ளைகளின் படிப்பையும் கண்டார். கண் எதிரே ஆறு ஓடுகிறது, பயிர் விளைகிறது, பறவை பறக்கிறது. அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பாடத்தைப் பிள்ளைகள் அந்நிய மொழியில் நெட்டுருப் போடுகிறார்கள்! தாய்மொழியில் கல்வி வேண்டும் என்று 1892-லேயே அவர் எழுதினார்.

தம்முடைய பிள்ளைகளையும் அந்தச் சிறைக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஒரு முடிவுக்கு வந்தார். சிறுவயதில் கூழாங்கல் பொறுக்கிய அதே பொட்டலில், 1901-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஒரு பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவன் அவருடைய மகன் ரதீந்திரநாத்.

பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை. சாப்பாடும் இலவசம். பணத்துக்கு எங்கே போவது? புரியில் கடற்கரையில் இருந்த வீட்டை விற்றார். புத்தகங்களை விற்றார். மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். மாணவர்களுக்குத் தாமே சமைத்துப் போட்டார்.

இடி மேல் இடி

பள்ளி தொடங்கி ஓர் ஆண்டு நிறையவில்லை. மிருணாளினி தேவி நோயில் விழுந்தார். 1902 நவம்பர் 23-ந் தேதி கண்ணை மூடினார்.

மறு ஆண்டு மகள் ரேணுகா இறந்தாள். அதற்கு மறு ஆண்டு, பள்ளிக்காகவே வாழ்ந்த சதீஷ் சந்திர ராய் என்ற இளம் ஆசிரியர் வைசூரிக்குப் பலியானார். 1905-ல் தந்தை தேவேந்திரநாதர் மறைந்தார்.

கடைசி மகன் சமீந்திரன். தந்தையைப் போலவே கவிதை உள்ளம். 1907-ம் ஆண்டு வசந்த காலத்தில், பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பருவத் திருவிழா ஒன்றை அவனே நடத்தினான். அந்த ஆண்டு விடுமுறைக்கு நண்பன் வீட்டுக்குப் போனான். போன இடத்தில் காலரா கண்டது. பதினோரு வயது நிறையவில்லை. தாய் இறந்த அதே நவம்பர் 23-ந் தேதி அவனும் இறந்தான்.

வேறொருவராக இருந்தால் பள்ளியை இழுத்து மூடியிருப்பார். தாகூர் மூடவில்லை. மகன் நடத்திய பருவ விழாவைப் பள்ளியின் விழாவாக ஆக்கினார். மழைக்கு ஒரு விழா, சரத் காலத்துக்கு ஒரு விழா, வசந்தத்துக்கு ஒரு விழா. அதற்கென்று நாடகமும் பாட்டும் அவரே எழுதினார். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் நடித்தார்.

மரமே வகுப்பு

அந்தப் பள்ளியில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

விடியும் முன் மணி அடிக்கும். பிள்ளைகள் எழுந்து, தங்கள் இடத்தைத் தாங்களே பெருக்குவார்கள். குளித்துவிட்டுச் சிறிது நேரம் மரத்தடியில் பேசாமல் உட்காருவார்கள். பிறகு ஒன்றுகூடிப் பாட்டு.

பாட்டு முடிந்ததும் ஆளுக்கு ஓர் ஆசனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் புறப்படுவார்கள். ஒரு வகுப்பு மாமரத் தோப்பில் நடக்கும். இன்னொன்று சால மர வரிசையில். மணி அடித்தால் பிள்ளைகள் எழுந்து அடுத்த மரத்துக்குப் போவார்கள். மழை வந்துவிட்டாலோ கொண்டாட்டம்தான். நனைந்துகொண்டே ஓடுவார்கள், பாடுவார்கள்.

பிரம்பு கிடையாது. தப்புச் செய்தவனைப் பிள்ளைகளே கூடி விசாரிப்பார்கள். இரவில் கதை நடக்கும். ஜெகதானந்த ராய் என்ற அறிவியல் ஆசிரியர் தொலைநோக்கியில் கிரகங்களையும் நட்சத்திரங்களையும் காட்டுவார். டல்ஹவுசியில் தந்தை காட்டிய அதே வானம்!

கண்டிப்புக்குப் பேர்போன தலைமை ஆசிரியர் ஒருவர், ஒரு நாள் ஒரு பையனைக் கண்டு திடுக்கிட்டார். அவன் மரத்தில் ஏறி, இரண்டு கிளைகளுக்கு நடுவே வசதியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். அவருக்கு ஒரே எரிச்சல்! தாகூர்தான் சமாதானம் சொன்னார். பெரியவன் ஆனால் நாற்காலி இருக்கவே இருக்கிறது; மரக்கிளையில் உட்காரும் பாக்கியம் இந்த வயதில்தான் கிடைக்கும் என்று விளக்கினார்.

பிள்ளைகள் வெறுங்காலோடு திரிவதையும் சிலர் குறை கூறினார்கள். மண்ணை அறிய வேண்டிய கால்களுக்குச் செருப்பு எதற்கு என்பது தாகூரின் கட்சி.

1913-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு தாகூருக்குக் கிடைத்தது. ஆசியாவில் நோபல் பரிசு பெற்ற முதல் மனிதர் அவரே. அந்தப் பணத்தை என்ன செய்தார்? ஏழைக் குடியானவர்களுக்குக் கடன் கொடுப்பதற்காக அவர் நடத்திவந்த பதிசர் விவசாய வங்கியில் போட்டார். வட்டியைப் பள்ளிக்குக் கொடுத்தார். குடியானவனுக்கும் உதவி, பிள்ளைகளுக்கும் உதவி.

வேலிக்கு வெளியே

பள்ளி வளர்ந்தது. 1921-ல் விசுவ பாரதி என்ற உலகக் கலைக்கூடமாக உயர்ந்தது. பல நாட்டு அறிஞர்கள் வந்தார்கள்.

ஆனால் தாகூரின் மனதில் ஒரு முள் உறுத்தியது.

மரத்தடியில் உட்கார்ந்து படித்தவர்கள் யார்? பெரும்பாலும் நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் சர்க்கார் பரீட்சையையும் உத்தியோகத்தையும் எதிர்பார்த்தார்கள். வேலிக்கு வெளியே மாடு மேய்த்துக்கொண்டு நின்ற கிராமத்துப் பிள்ளைக்கு இடம் எங்கே? சுண்ணாம்பு வட்டத்தை அழிக்க வந்தவர், தாமே இன்னொரு வட்டம் போட்டுவிட்டாரா?

இதற்கு அவர் வெகு நாளாகவே பரிகாரம் தேடி வந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கலெக்டர் வேலைக்குப் படிக்க இங்கிலாந்து போன காலம் அது. தாகூரோ 1906-ல் தம் மகன் ரதீந்திரநாத்தையும், நண்பரின் மகன் சந்தோஷ் மஜும்தாரையும் விவசாயம் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்.

சாந்தி நிகேதனத்திலிருந்து இரண்டு மைல் தூரத்தில் சுருல் என்ற கிராமம். மலேரியாக் காய்ச்சலால் நலிந்த ஊர். அங்கே 1912-ல் ஒரு பழைய வீட்டை வாங்கிப் போட்டிருந்தார். 1922 பிப்ரவரி 6-ந் தேதி அங்கே ஸ்ரீநிகேதனம் என்ற கிராமச் சீரமைப்பு நிலையம் பிறந்தது. லியனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய வாலிபர் அதை முன்னின்று நடத்தினார். அவரும் அமெரிக்காவில் விவசாயம் படித்தவர்.

கிராமத்தார் முதலில் கிட்டே வரவில்லை. பட்டணத்துக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் பிள்ளைகளுக்குச் சந்தேகம் ஏது? அவர்கள் வந்தார்கள். விரதி பாலகர் என்று ஒரு சிறுவர் படை உண்டாயிற்று. குளங்களைச் சுத்தம் செய்தார்கள். கொசு முட்டையிடும் குட்டைகளை ஒழித்தார்கள். தோட்டம் போட்டார்கள். தீயணைக்கப் பழகினார்கள். பிள்ளைகள் செய்வதைப் பார்த்துப் பெற்றோரும் மெல்ல வந்தார்கள்.

மண்ணே புத்தகம்

1924-ம் ஆண்டு, தாகூரின் உள்ளத்தில் நெடுநாள் இருந்த பள்ளி பிறந்தது. அதன் பெயர் சிக்ஷா சத்திரம். ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் மட்டுமே ஏற்பட்டது அது. அமெரிக்கா போய் வந்த சந்தோஷ் மஜும்தார் அதன் பொறுப்பை ஏற்றார். 1927-ல் அது ஸ்ரீநிகேதனத்துக்கு மாறியது.

அங்கே முதல் பாடம் புத்தகத்தில் இல்லை, மண்ணில் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி. அதில் என்ன விதைப்பது, எப்போது தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவன் பொறுப்பு.

அந்தப் பாத்தி ஒன்றே எத்தனை பாடம் சொல்லிக் கொடுத்தது! பாத்தியை அளந்தால் அது கணக்கு. செடியைப் பூச்சி அரித்தால், அந்தப் பூச்சியை ஆராய்வது விஞ்ஞானம். விளைந்த காய்க்கு வரவு செலவு எழுதினால் அது எழுத்துப் பயிற்சி. மண் செம்மண்ணா, களிமண்ணா, மழை எப்போது வரும் என்று பார்த்தால் அது பூகோளம். கழிவைக்கூட வீணாக்காமல் மண்ணில் புதைத்து எருவாக்கினார்கள். அருவருப்பும் போயிற்று, பாத்தியும் செழித்தது.

சமையல், துவையல், தறி, கோழி வளர்ப்பு எல்லாம் பிள்ளைகளே பழகினார்கள். சுற்றுப்புறங்களுக்கு நடைப் பயணம் போனார்கள். மாலையில் ஆட்டமும் பாட்டும் உண்டு. வேலை மட்டும் கற்றுக்கொடுத்தால் கூலியாள்தான் உருவாவான். பாட்டும் சேர்ந்தால்தான் மனிதன் உருவாவான் என்பது தாகூரின் கருத்து.

புகழ் பெற்ற சாந்தி நிகேதனப் பள்ளியைவிட இந்தச் சிறிய பள்ளியையே தாம் பெரிதாக மதிப்பதாக, 1937-ல் எல்ம்ஹர்ஸ்டுக்கு எழுதிய கடிதத்தில் தாகூர் மனம் திறந்து தெரிவித்தார். அது மற்றப் பள்ளிகளைப் போலவே ஆகி வருகிறதே என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது.

இந்த விதை தமிழர் வரையில் வந்து முளைத்தது. ஆரியநாயகம் என்ற இலங்கைத் தமிழர் தாகூரிடம் பணியாற்றியவர். பிறகு அவர் வார்தாவுக்குச் சென்று, காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்கு உயிர்கொடுத்தார். சாந்தி நிகேதனத்தில் படித்த ஜி. ராமச்சந்திரன், தம் மனைவி சௌந்தரம் அம்மையாருடன் 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

பல்லக்கில் வந்த மரக்கன்று

1928-ம் ஆண்டு ஜூலை மாதம். மழைக்காலம். சாந்தி நிகேதனத்தில் ஓர் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பாட்டு. நடுவில் ஒரு பல்லக்கு. கல்யாண மாப்பிள்ளை வருகிறாரோ என்று பார்த்தால், பல்லக்கில் ஒரு மகிழ மரக் கன்று! தாகூரின் மருமகள் பிரதிமா தேவியின் தொட்டியில் வளர்ந்தது.

நிலம், நீர், நெருப்பு, காற்று, வானம் என்ற ஐம்பூதங்களையும் அழைத்து, கன்றைக் காக்கும்படி வேண்டிக்கொண்டார்கள். பிறகு கன்றை நட்டார்கள். ஸ்ரீநிகேதனத்தில் ஏர் பூட்டும் விழாவும் நடந்தது. 67 வயதுக் கவிஞர் தாமே கலப்பையைப் பிடித்து உழுதார்.

மரம் நடு என்று உபதேசித்தால் பிள்ளை மறந்துவிடும். மரத்துக்குக் கல்யாணம் போல் விழா எடுத்தால் மறக்குமா?

1930-ல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக சகஜ பாடம் என்ற அரிச்சுவடியை எழுதினார். நந்தலால் போஸ் படம் வரைந்தார். உலகப் பெருங்கவி, அ, ஆ படிக்கும் குழந்தைக்காகவும் பேனா பிடித்தார்!

அதே வீட்டில்

1941-ம் ஆண்டு. தாகூருக்கு வயது 80. நோய் முற்றியது. சிகிச்சைக்காக ஜூலை மாதம் அவரைக் கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள். தம் கையால் வளர்த்த மரங்களை அவர் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஜோராசாங்கோ வீட்டில் ஆபரேஷன் நடந்தது. பலன் இல்லை. ஆகஸ்டு 7-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது. எந்த வீட்டில் பிறந்தாரோ அதே வீடு. சுண்ணாம்பு வட்டத்துக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே ஆலமரத்தைப் பார்த்து ஏங்கினாரே, அதே வீடு.

விசுவ பாரதி 1951-ல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2023-ல் சாந்தி நிகேதனத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்றும் அங்கே சிறு பிள்ளைகளுக்கு மரத்தடியில் வகுப்பு நடக்கிறது.

தாகூர் மறைந்த நாள், வங்காளப் பஞ்சாங்கப்படி சிராவண மாதம் 22. அந்த நாளில் சாந்தி நிகேதனத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா?

பிள்ளைகள் பாட்டுப் பாடி, பல்லக்கில் ஒரு கன்றைச் சுமந்து வந்து, மழை நனைத்த மண்ணில் நடுகிறார்கள்.